டெம்ப்ளேட்டே போடாத டியூப்பில் 1,500 பேஸ்பேர் பேண்ட்: என்.டி.சி. பிரச்சினை

வைகைக்கரை | ஜூன் 3, இரவு 9.40

16எஸ் (பாக்டீரியா அனைத்திலும் இருக்கும் ஜீன்) பி.சி.ஆர். (டி.என்.ஏ.யைச் சைக்கிள் சைக்கிளாகப் பெருக்கும் முறை), ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் குட்டி டி.என்.ஏ. துண்டு) 27எஃப் – 1492ஆர். ஜெல்லில் சாம்பிள் எல்லாவற்றிலும் 1,500 பேஸ்பேர் (டி.என்.ஏ. நீள அளவு) பக்கத்தில் நல்ல பேண்ட். என்.டி.சி.யிலும் (டெம்ப்ளேட், அதாவது பெருக்க வேண்டிய டி.என்.ஏ., போடாத நெகட்டிவ் கன்ட்ரோல்) அதே உயரத்தில், கொஞ்சம் மங்கலாக ஒன்று. 25 மைக்ரோலிட்டர் ரியாக்‌ஷன், 35 சைக்கிள், டெம்ப்ளேட் 50 நானோகிராம். எல்லாம் தட்டில் வளர்ந்த ஒற்றைக் காலனியிலிருந்து பிரித்த டி.என்.ஏ. தண்ணீரை மாற்றியும் பேண்ட் போகவில்லை. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?

எட்டாம்_வெல் | ஜூன் 3, இரவு 9.58

தூக்கிப் போடுங்கள். தண்ணீர், பஃபர், டி.என்.டி.பி. (டி.என்.ஏ. கட்டும் மூலப்பொருள்), ப்ரைமர் அலிக்வாட் (பிரித்து வைத்த சின்னப் பங்கு) எல்லாம் சேர்த்தாலும் ஒரு மாதம் துப்பறிவதைவிட மலிவு.

பழைய பைபெட் | ஜூன் 3, இரவு 11.15

தூக்கிப் போடும் முன் மூன்று கேள்வி.

ஒன்று, அந்த பேண்ட் பி.சி.ஆரில் வந்ததா, ஜெல்லில் வந்ததா? பாசிட்டிவ் சாம்பிளுக்குப் பக்கத்து வெல்லில் (ஜெல்லில் சாம்பிள் ஏற்றும் குழி) என்.டி.சி.யை ஏற்றியிருந்தால், நிரம்பி வழிந்த சாம்பிளே பேண்டாகத் தெரியும். வெல்லின் தரையை டிப் குத்திக் கிழித்திருந்தாலும் அப்படித்தான். மிச்சமிருக்கும் என்.டி.சி.யைப் புது ஜெல்லில் தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் லேடர் (நீளம் தெரிந்த டி.என்.ஏ. துண்டுகள், அளவுகோல் மாதிரி), நடுவில் நாலு வெல் காலி, பிறகு என்.டி.சி., கடைசியில் வெறும் லோடிங் டை. டை டியூப்பிலேயே அம்ப்ளிகான் (பி.சி.ஆரில் பெருகிய துண்டு) கலந்திருப்பது நினைப்பதைவிட அதிகம் நடக்கும். டிப்பை மாற்றாமல் அதே டையைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பழக்கம்தான் காரணம்.

இரண்டு, ஒரே ஒரு என்.டி.சி. வைத்து எதையும் சொல்ல முடியாது. எட்டு வையுங்கள். எட்டிலும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் வந்தால் ரீஏஜென்ட். எட்டில் இரண்டில் மட்டும் வந்தால் காற்று, கை, பைபெட்.

மூன்று, டாக் என்சைம் (டி.என்.ஏ.யை நகலெடுக்கும் பாலிமரேஸ்) எது, எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி)? 16எஸ் ப்ரைமருக்கு இது மற்ற ப்ரைமர்களுக்கு இல்லாத தனிப் பிரச்சினை. நாளை எழுதுகிறேன்.

எட்டாம்_வெல் | ஜூன் 4, காலை 7.20

எட்டு என்.டி.சி.யா! நெகட்டிவ் கன்ட்ரோலுக்கே பாதி தட்டு போய்விடும் சார். கைடு கேட்டால் என்ன பதில் சொல்வது?

பழைய பைபெட் | ஜூன் 4, காலை 8.05

ஒரே ஒரு முறை, துப்பறிவதற்காக மட்டும். அதற்குக் கணக்கு இருக்கிறது. மாஸ்டர் மிக்ஸில் (டெம்ப்ளேட் தவிர எல்லாம் சேர்த்த கலவை) ஒரு டியூப்புக்குச் சராசரியாக ஒரு காப்பி மாசு இருந்தால், பாய்சான் பரவல்படி சுமார் 37 சதவீத டியூப்களில் ஒன்றுமே இருக்காது. அதாவது மிக்ஸ் கெட்டிருந்தும், ஒற்றை என்.டி.சி. மூன்றில் ஒரு தடவைக்கு மேல் "சுத்தம்" என்று பொய் சொல்லும். சராசரி மூன்று காப்பியானால் காலி டியூப் 5 சதவீதம்தான். அதனால் "எட்டிலும் வந்தது" என்றால் மாசு பரவலாக இருக்கிறது, டியூப்புக்குச் சில காப்பிகளாவது சேர்கின்றன என்று பொருள். "நேற்று வந்தது, இன்று வரவில்லை, சரியாகிவிட்டது" என்று கொண்டாடுபவர்கள் பெரும்பாலும் அந்த 37 சதவீதத்தில் விழுந்தவர்கள்.

இனி என்சைம். டாக் பாலிமரேஸ் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் சொத்து; யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் குழு பிரித்தெடுத்தது. இன்று விற்பனைக்கு வரும் டாக் பெரும்பாலும் ஈ.கோலையில் உற்பத்தியானது. சுத்திகரித்த பிறகும் ஈ.கோலை டி.என்.ஏ. துளி ஒட்டிக்கொண்டு வரும். மனித ஜீனுக்கோ தக்காளி ஜீனுக்கோ ப்ரைமர் போட்டால் அது கண்ணில் படாது. பாக்டீரியா அனைத்துக்கும் பொதுவான 16எஸ் ப்ரைமர் போட்டால் பளிச்சென்று தெரியும். தண்ணீரை எத்தனை தடவை மாற்றினாலும் போகாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வைகைக்கரை | ஜூன் 4, பிற்பகல் 2.30

புது ஜெல் ஓட்டினேன். டை சுத்தம். தனியாக ஏற்றிய என்.டி.சி.யில் பேண்ட் இருக்கிறது. ஆக ஜெல் அல்ல, பி.சி.ஆர்.தான்.

நூறு டிகிரி | ஜூன் 4, மாலை 6.10

35 சைக்கிள் எதற்கு? கணக்கைப் பார்ப்போம். ஈ.கோலை ஜீனோம் 46 லட்சம் பேஸ்பேர், எடை சுமார் 5 ஃபெம்டோகிராம். 50 நானோகிராம் என்றால் 1 கோடி ஜீனோம். ஈ.கோலையில் 16எஸ் ஜீன் 7 பிரதி, ஆக 7 கோடி காப்பியில் தொடங்குகிறீர்கள். பதினைந்து சைக்கிளிலேயே பேண்ட் தெரியும் அளவு சேர்ந்துவிடும்.

என்சைமோடு 100 காப்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளுக்கு 1.9 மடங்கு பெருகினால் 25 சைக்கிளில் ஏறக்குறைய 93 கோடி காப்பி. 1,465 பேஸ்பேர் துண்டுக்கு 1 நானோகிராம் என்பது சுமார் 63 கோடி காப்பி. மொத்த டியூப்பிலும் ஒன்றரை நானோகிராம். ஜெல்லில் 5 மைக்ரோலிட்டர் ஏற்றினால் 0.3 நானோகிராம். எத்திடியம் புரோமைடில் (ஜெல் சாயம்) அது கண்ணுக்குத் தெரியாது. அதே 100 காப்பி 35 சைக்கிள் போனால் பிளாட்டோவையே (பெருக்கம் நின்றுபோகும் உச்சம்) தொட்டுவிடும், உங்கள் சாம்பிள் மாதிரியே.

25 அல்லது 26-க்குக் குறையுங்கள். டெம்ப்ளேட்டையும் 5 நானோகிராமாக்கலாம், தாராளமாகப் போதும்.

பழைய பைபெட் | ஜூன் 4, இரவு 10.50

கணக்கு சரி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சைக்கிளைக் குறைப்பதால் மாசு மறைகிறது, போவதில்லை. ஒற்றைக் காலனி, கோடிக்கணக்கில் டெம்ப்ளேட், சாங்கர் சீக்வென்சிங் (டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படிப்பது) என்றால் இது நியாயமான வழி. 7 கோடிக்கு எதிரே 100 காப்பி அதன் வரைபடமான குரோமட்டோகிராமில் எட்டிக்கூடப் பார்க்காது. அதே வேலையை ரத்தத்திலோ, குடிநீரிலோ, பிளாசன்டாவிலோ பாக்டீரியா தேடும் ஆள் செய்தால் முழுத் தவறு. அங்கே சாம்பிளிலும் 100 காப்பிதான் இருக்கும். பிராடிரைசோபியம், ரால்ஸ்டோனியா, பர்கோல்டேரியா என்று தண்ணீரிலும் கிட்டிலும் வாழும் பெயர்கள் "கண்டுபிடிப்பு" ஆகிவிடும். இந்தப் பட்டியலோடு 2014-இலேயே எச்சரிக்கைக் கட்டுரை வந்தாயிற்று. இன்னும் அதே பெயர்கள் ஆய்வேடுகளில் உலா வருகின்றன.

எட்டாம்_வெல் | ஜூன் 5, காலை 9.00

பிராடிரைசோபியம் வேரில் இருந்தால் நைட்ரஜன், கிட்டில் இருந்தால் பி.எச்.டி.

வைகைக்கரை | ஜூன் 5, காலை 11.45

சிரித்துவிட்டேன். இன்று எட்டு என்.டி.சி. ஓட்டுகிறேன். கன்டாமினேஷன் அம்ப்ளிகானிலிருந்தும் வரும் என்கிறார்களே, ஒரு டியூப் திறந்தால் நிஜமாகவே அவ்வளவு பரவுமா?

நூறு டிகிரி | ஜூன் 5, பிற்பகல் 1.15

பரவும். 500 பேஸ்பேர் துண்டு, 25 மைக்ரோலிட்டரில் மொத்தம் 500 நானோகிராம் என்றால் சுமார் 92,500 கோடி காப்பி. மைக்ரோலிட்டருக்கு 3,700 கோடி. குறுக்களவு 12 மைக்ரோமீட்டர் உள்ள ஒரு துளியின் கொள்ளளவு சுமார் 1 பிகோலிட்டர். அதற்குள் 37,000 காப்பி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி.

அது எப்படி வெளியே வருகிறது? சைக்கிளரில் இருந்து எடுத்ததும் மூடிக்குள் ஆவி படிந்திருக்கும். மூடியை "டக்" என்று நெம்பும்போது அந்தப் படலம் கிழிந்து, கடுகு தாளிக்கும் சட்டிபோல் தெறிக்கும். அதனால் திறக்கும் முன் சில விநாடி ஸ்பின், பிறகு டிஷ்யூவால் மூடியைப் பிடித்து மெதுவாக. டியூப்பைத் திறந்தபோது போட்டிருந்த கையுறையோடு ஃப்ரீசர் கைப்பிடியைத் தொடவே கூடாது. கைப்பிடி, மார்க்கர் பேனா, ஐஸ் பெட்டி, டியூப் ராக்: மாசு ஊர்வலம் போகும் பாதை இந்த நாலும்தான். பைபெட்டைத் துடைப்பவர்கள் பேனாவை மறந்துவிடுகிறார்கள்.

பழைய பைபெட் | ஜூன் 5, இரவு 9.30

இதோடு சேர்த்துப் பாசிட்டிவ் கன்ட்ரோல் பிளாஸ்மிடையும் (பாக்டீரியாவில் பெருக்கி எடுக்கும் வட்ட டி.என்.ஏ.) கவனியுங்கள். அம்ப்ளிகானுக்கு அடுத்த பெரிய வில்லன் அது. மினிப்ரெப்பில் (பிளாஸ்மிட் பிரித்தெடுப்பு) மைக்ரோலிட்டருக்கு 200 நானோகிராம், 5,000 பேஸ்பேர் பிளாஸ்மிட் என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 3,700 கோடி காப்பி. அந்த ஸ்டாக்கை மாஸ்டர் மிக்ஸ் இருக்கும் ஃப்ரீசரில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். மைக்ரோலிட்டருக்கு 1,000 முதல் 10,000 காப்பி வரை நீர்த்து, சின்னச் சின்ன அலிக்வாட்டாக்கி, ஸ்டாக்கை வேறு அறைக்கு அனுப்புங்கள். நீர்க்கும் வேலையும் பி.சி.ஆர். போடும் மேஜையில் வேண்டாம். வெறும் தண்ணீரில் நீர்த்தால் குறைந்த செறிவில் டி.என்.ஏ. டியூப் சுவரில் ஒட்டிவிடும், கேரியர் டி.என்.ஏ.யோ டி.ஆர்.என்.ஏ.யோ கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழி: கன்ட்ரோல் பிளாஸ்மிடுக்குள் 50–60 பேஸ்பேர் கூடுதலாகச் செருகிவிடுவது. என்.டி.சி.யில் நீளமான பேண்ட் வந்தால் குற்றவாளி கன்ட்ரோல் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கோவிட் தொடக்கத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சி.டி.சி. அனுப்பிய டெஸ்ட் கிட் என்.டி.சி.யிலேயே சிக்னல் கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். 2021-இல் அவர்களே ஆராய்ந்து வெளியிட்டார்கள். என்1 பகுதியில் செயற்கை டெம்ப்ளேட் மாசு. என்3 பகுதியில் மாசே இல்லை, ப்ரைமரும் ப்ரோபும் (சிக்னல் தரும் டி.என்.ஏ. துண்டு) ஒன்றோடொன்று ஒட்டிப் பொய் சிக்னல் கொடுத்தன. இரண்டுமே என்.டி.சி.யில் ஒரே மாதிரித்தான் தெரியும். மருந்து மட்டும் வேறு வேறு.

எட்டாம்_வெல் | ஜூன் 6, காலை 8.40

அப்படியென்றால் ப்ரைமர் டைமரையும் (ப்ரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகுவது) சொல்லிவிடுவோம், கீழே யாராவது குழம்புவார்கள். 100 பேஸ்பேருக்குக் கீழே ஒழுகினாற்போல் தெரிவது டைமர், மாசு அல்ல. டெம்ப்ளேட் இல்லாத டியூப்பில் அது இன்னும் தூக்கலாகத் தெரியும், ஏனென்றால் ப்ரைமருக்கு வேறு வேலை இல்லை. ரியல் டைமில் (பெருக்கத்தை அப்போதைக்கப்போதே அளக்கும் பி.சி.ஆர்.) சைபர் கிரீன் சாயம் போட்டால் மெல்ட் கர்வை (டி.என்.ஏ. உருகும் வெப்பநிலை வரைபடம்) பாருங்கள். டைமர் குறைந்த வெப்பநிலையில் உருகும். சாம்பிள் உருகும் அதே வெப்பநிலையில் என்.டி.சி.யும் உருகினால் மாசு.

ரியல் டைம்காரர்களுக்கு இன்னொன்று. சாம்பிள் சி.டி. (சிக்னல் தெரியத் தொடங்கும் சைக்கிள்) 18, என்.டி.சி. 37 என்றால் 19 சைக்கிள் இடைவெளி, சுமார் 5 லட்சம் மடங்கு. அந்த சாம்பிள் முடிவை நம்பலாம். சாம்பிளே 35 என்றால் நம்பாதீர்கள்.

வைகைக்கரை | ஜூன் 6, மாலை 4.20

எட்டு என்.டி.சி. முடிந்தது. எட்டிலும் பேண்ட், அடர்த்தியும் ஒன்றுபோல. 26 சைக்கிளில் எட்டும் காலி, சாம்பிள் மட்டும் பளிச். ஆக ரீஏஜென்ட். எது என்று எப்படிப் பிடிப்பது?

பழைய பைபெட் | ஜூன் 6, இரவு 10.10

ஒன்றை மட்டும் மாற்றும் முறை. 35 சைக்கிளிலேயே போடுங்கள், மறைத்து வைக்கக் கூடாது.

முதல் டியூப்: எல்லாம் பழையது. இரண்டு: தண்ணீர் மட்டும் புதிது. மூன்று: 10 எக்ஸ் பஃபர் மட்டும். நாலு: டி.என்.டி.பி. மட்டும். ஐந்து: முன் ப்ரைமரும் பின் ப்ரைமரும். ஆறு: என்சைம் மட்டும், வேறு லாட், முடிந்தால் வேறு தயாரிப்பு. ஏழு: எல்லாம் புதிது. ஒவ்வொன்றும் இரட்டை. புதிது என்றால் சீல் உடைக்காதது. "நேற்று உடைத்த புதிது" அல்ல.

அளவு: 10 எக்ஸ் பஃபர் 2.5, டி.என்.டி.பி. ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார் உள்ள கலவையில் 0.5, ப்ரைமர் 10 மைக்ரோமோலாரில் ஒவ்வொன்றும் 0.5, டாக் 5 யூனிட்டில் 0.2 மைக்ரோலிட்டர், பாக்கி தண்ணீர். மெக்னீசியம் பஃபரிலேயே இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். இல்லாவிட்டால் இறுதியில் 1.5 மில்லிமோலார் வருமாறு தனியாகச் சேர்க்க வேண்டும். 0.2 மைக்ரோலிட்டரைத் தனித்தனி டியூப்பில் பைபெட் செய்யாதீர்கள், பைபெட் அதில் பொய் சொல்லும். இரட்டைக்கும் சேர்த்து மூன்று டியூப் அளவுக்குக் குட்டி மிக்ஸ் கலந்து பிரியுங்கள்.

இரண்டு முதல் ஆறு வரையில் ஆறாவது மட்டும் சுத்தமானால் முடிந்தது கதை. இரண்டு முதல் ஆறு வரை எதிலும் போகாமல் ஏழில் மட்டும் போனால், மாசு ஒன்றுக்கு மேற்பட்டதில் இருக்கிறது. பைபெட்டும் அறையும் ஏழில் பழையவைதான் என்பதால், ஏழிலும் வந்தால் அவற்றைப் பார்க்க வேண்டும்.

எட்டாம்_வெல் | ஜூன் 6, இரவு 10.35

நான் சொன்ன "எல்லாம் தூக்கிப் போடு" உங்கள் ஏழாம் டியூப்தான். பார்த்தீர்களா!

பழைய பைபெட் | ஜூன் 6, இரவு 10.52

ஏழாம் டியூப் தேவைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் எது கெட்டது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே லாட் என்சைம் வாங்கி அதே இடத்தில் நிற்பீர்கள்.

நூறு டிகிரி | ஜூன் 7, காலை 6.55

இதற்குள் மேஜையைத் துடைப்பது பற்றியும். 70 சதவீத எத்தனால் கிருமியைக் கொல்லும், டி.என்.ஏ.யை ஒன்றும் செய்யாது. சொல்லப்போனால் மேஜையிலேயே படிய வைக்கும். ஆட்டோகிளேவ் நீளமான டி.என்.ஏ.யை உடைக்கும், சின்னத் துண்டு தப்பிவிடும். "ஸ்டெரைல்" என்றால் உயிர் இல்லை என்றுதான் அர்த்தம், டி.என்.ஏ. இல்லை என்று அர்த்தமில்லை. "நியூக்ளியேஸ்-ஃப்ரீ" என்றாலும் அப்படியே, நியூக்ளியேஸ் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஜெர்மனியில் பெரிய விலை கொடுத்தார்கள். 1993-இலிருந்து பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ.; 2007-இல் ஹைல்பிரானில் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்ட இடத்திலும் அதே. ஆஸ்திரியா, பிரான்ஸ் வரை தேடினார்கள். 2009-இல் தெரிந்தது: அந்தப் பெண் சாம்பிள் எடுக்கும் பஞ்சுக் குச்சி தயாரிப்பில் வேலை செய்தவர். குச்சி ஸ்டெரைல்தான். இதற்குப் பிறகுதான் தடயவியல் பொருட்களில் மனித டி.என்.ஏ. மாசைக் கட்டுப்படுத்த ஐ.எஸ்.ஓ. 18385 தரம் 2016-இல் வந்தது.

டி.என்.ஏ.யை அழிப்பது ஹைப்போகுளோரைட் (ப்ளீச்). கடையில் கிடைப்பது 4 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர், 0.5 சதவீதம் வரும். அன்றன்று கலக்க வேண்டும். நம்மூர் வெயிலில் பாட்டிலே பலம் இழந்துவிடும். பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும், பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். விட்டால் பைபெட்டின் உலோகம் அரிக்கும், மிச்ச ஹைப்போ உங்கள் பி.சி.ஆரையே கொல்லும்.

முக்கியம்: டி.என்.ஏ. கிட்டின் லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் திரவம்) குவானிடின் தயோசயனேட் இருக்கும். அது சிந்திய இடத்தில் ஹைப்போ ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுத்த பிறகே ஹைப்போ. கிட் கழிவுப் பாட்டிலுக்கும் இதே விதி.

எட்டாம்_வெல் | ஜூன் 7, காலை 10.30

யூ.வி. விளக்கு?

நூறு டிகிரி | ஜூன் 7, காலை 10.48

துணைக்கு. 254 நானோமீட்டர் தைமின்களை இணைத்து நகலெடுப்பைத் தடுக்கும். துண்டு சின்னதானால் அடிபட வாய்ப்பு குறைவு, காய்ந்த டி.என்.ஏ. நன்றாகத் தாங்கும், ராக்கின் நிழல் விழுந்த பக்கம் ஒன்றுமே நடக்காது. எரிகிற நீல வெளிச்சத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், விளக்கு வயதாகி வலுவிழந்திருக்கலாம்.

வைகைக்கரை | ஜூன் 7, இரவு 8.00

யூ.என்.ஜி. (யுராசில் உள்ள டி.என்.ஏ.யைச் சிதைக்கும் என்சைம்) போட்டால் இதெல்லாம் தேவையில்லையா?

பழைய பைபெட் | ஜூன் 7, இரவு 9.20

உங்கள் கேஸில் பயனே இல்லை. யூ.என்.ஜி. முறையில் தைமின் தரும் டி.டி.டி.பி.க்குப் பதில் யுராசில் தரும் டி.யூ.டி.பி. போட்டு, எல்லா அம்ப்ளிகானிலும் யுராசில் இருக்குமாறு செய்கிறோம். அடுத்த ரியாக்‌ஷனில் சைக்கிள் தொடங்கும் முன் 50 டிகிரியில் சில நிமிடம் யூ.என்.ஜி., பழைய அம்ப்ளிகானைச் சிதைத்துவிடும். அம்ப்ளிகான் மாசுக்கு அருமையான வழி. ஆனால் என்சைமோடு வந்த ஈ.கோலை டி.என்.ஏ.யில் யுராசில் இல்லை; அதைத் தொடாது. இத்தனை நாள் தைமினோடு பெருக்கிய பழைய அம்ப்ளிகானையும் தொடாது. பிஎஃப்யூ மாதிரி ஆர்க்கியா பாலிமரேஸ் யுராசிலைக் கண்டால் நின்றுவிடும். குளோனிங் செய்யப் போகிறவர்கள் கவனம்: சாதாரண ஈ.கோலைக்குள் யூ.என்.ஜி. இருக்கிறது, உங்கள் இன்சர்ட்டை அதுவே சிதைக்கும்.

என்சைம் மாசுக்கு வேறு வழி: இரட்டை இழையை மட்டும் வெட்டி, சூடாக்கினால் செயலிழக்கும் டி.என்.ஏஸை மாஸ்டர் மிக்ஸில் போடுவது. ப்ரைமர் ஒற்றை இழை, தப்பிக்கும். முழுதும் செயலிழக்காவிட்டால் டெம்ப்ளேட்டும் போய்விடும், அதனால் கிட் குறிப்பை வரி மாறாமல் செய்ய வேண்டும்.

நூறு டிகிரி | ஜூன் 8, காலை 7.10

ஒரு கிளைக் கதை. டாக் வருவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளிலும் 94 டிகிரியில் பாலிமரேஸ் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் டியூப்பைத் திறந்து புதிதாக க்ளீனோ துண்டை (அன்று பயன்பட்ட ஈ.கோலை பாலிமரேஸின் பகுதி) சேர்த்தார்கள். முப்பது சைக்கிள், முப்பது தடவை திறப்பு. 1988-இல் டாக் முறை வெளியானதும் மூடி மூடியே இருந்தது. பெருக்கத்தின் வேகத்தைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். மூடாத டியூப் ஒழிந்ததும் அதே அளவு பெரிய விஷயம்.

எட்டாம்_வெல் | ஜூன் 8, காலை 9.15

1994-இல் 8 கோடி ஆண்டு பழைய எலும்பிலிருந்து டைனோசர் டி.என்.ஏ. என்று சயன்ஸ் இதழில் வந்ததே. அடுத்த ஆண்டே அது மனித ஜீனோமில் ஒளிந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியல் பிரதி என்று காட்டிவிட்டார்கள். டைனோசருக்கு டி.என்.ஏ. கொடுத்தது மனிதக் கை.

வைகைக்கரை | ஜூன் 9, மாலை 5.30

ஏழு டியூப் முடிவு: ஒன்று முதல் ஐந்து வரை பேண்ட். ஆறு (வேறு தயாரிப்பு என்சைம்) கிட்டத்தட்ட காலி, இரட்டையில் ஒன்றில் மட்டும் நூல்போல. ஏழும் அப்படியே. பழைய என்.டி.சி. பேண்டை ஜெல்லில் வெட்டி சாங்கருக்கு அனுப்பியதில் ஈ.கோலை வந்தது. என் காலனிகள் பேசில்லஸ்.

பழைய பைபெட் | ஜூன் 9, இரவு 9.05

சாட்சி போதும். அந்த லாட் என்சைமை மனித, தாவர ஜீன் வேலைக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே அது பிரச்சினை இல்லை. நீங்கள் 26 சைக்கிள், 5 நானோகிராம் டெம்ப்ளேட். டியூப்பில் "16எஸ்ஸுக்கு வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள்; ஃப்ரீசரில் மார்க்கர் எழுத்து அழியும், லேபிள் ஒட்டுவதே நல்லது.

இனி தினமும் இரண்டு என்.டி.சி. முதலாவதை டெம்ப்ளேட் டியூப் எதையும் திறக்கும் முன்பே மூடிவிடுங்கள். இரண்டாவதை எல்லாச் சாம்பிளும் போட்டு முடித்த பின் கடைசியாகத் தண்ணீர் விட்டு மூடுங்கள். முதலில் வந்தால் ரீஏஜென்ட். இரண்டாவதில் மட்டும் வந்தால் கை. எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாங்க் இவை இரண்டும் அல்ல, அது தனி: காலனி போடாமல் கிட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிய டியூப்.

வைகைக்கரை | ஜூன் 9, இரவு 9.40

அந்த நூல் பேண்ட்?

பழைய பைபெட் | ஜூன் 9, இரவு 9.48

35 சைக்கிளில் 16எஸ் ப்ரைமருக்கு முழுக் காலி கிடைப்பது அபூர்வம். 26-இல் இரண்டு என்.டி.சி.யும் காலியா என்று மட்டும் பாருங்கள். பிளேட்டில் இருந்து காலனி தொட்ட டூத்பிக்கை மாஸ்டர் மிக்ஸ் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள்.

எட்டாம்_வெல் | ஜூன் 10, காலை 8.20

லேடர் டியூப் எந்த ஃப்ரீசரில்?

நூறு டிகிரி | ஜூன் 10, காலை 8.31

ஜெல் அறை ஃப்ரீசரில். லோடிங் டையும் அங்கேயே. இரண்டும் அந்த அறையை விட்டு வெளியே வரவே கூடாது.